60 பேரில் 11 பேர்தான் என்றால் சங்கத்தோடு பேச வேண்டாமா?

கேள்வி: வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். 22 தாதியரில் 11 பேர் பதிவுபெற்ற தொழிற்சங்கமொன்றில் சேர்ந்திருக்கிறோம். சம்பளம் பற்றிச் சங்கம் பேசக் கேட்டதற்கு, “இங்கே 60 ஊழியர், நீங்கள் 11 பேர்தான்” என்கிறது நிர்வாகம். ஆளாளுக்குத் தனித்தனிக் கடிதம் நீட்டிக் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

பதில்: பேசத்தான் வேண்டும், தங்கச்சி. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்த திருத்தம் கேட்பது 40 வீதம். எதில் 40 வீதம்? சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியரில். தாதியருக்காகப் பேசினால் 22 பேரில் 9 பேர் போதும், நீங்கள் 11. சாரதியையும் துப்புரவு செய்பவரையும் மருந்தகப் பிள்ளைகளையும் கூட்டிக் காட்டுவது பழைய வித்தை. அதனால் கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரியிலேயே “தாதியர் சார்பில்” என்று எழுதுவியுங்கள். எண்ணிக்கையில் இழுபறி வந்தால் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு வைக்கலாம். அதற்கு நாள் குறிப்பதற்குள் இரண்டு மிஸிமார் வெளிநாடு போய்விடுவார்கள், அது வேறு விஷயம்.

அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் மச்சாள் “எங்களுக்கு இந்தப் படி கிடைக்கிறது” என்று சொன்னால், அதை வைத்து வாதாட வேண்டாம். முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, மாவட்டப் பொது வைத்தியசாலைத் தாதியர் அரச ஊழியர். அரசு முதலாளியாக இருக்கும் இடத்தில் இந்தச் சட்டம் செல்லாது. அவர்களுடைய சம்பளம் சுற்றுநிருபத்தில் வருகிறது. அவர்களுக்குக் கிடைத்த படியைக் காட்டி உங்கள் முதலாளியிடம் உரிமை கேட்க முடியாது. பேரத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம், அவ்வளவுதான். இதை வாரத்துக்கு ஒருவருக்காவது சொல்கிறேன்.

இனி, நிர்வாகம் ஆளாளுக்கு நீட்டும் அந்தக் கடிதம். இப்படியொன்றைப் போனில் படமெடுத்துக் கொண்டுவந்தார் ஒரு மிஸி. நைட் டியூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு, கண் எரிய, அலுவலகத்தில் நின்றபடி எடுத்த படம். மூன்றாவது பந்தியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. மூலத்தை வாங்கிப் பார்த்தால் அந்தப் பந்தியில்தான் விஷயம்: “இதுவே இறுதித் தீர்வு, வேறு கோரிக்கை இல்லை.” கூட்டிய பணமும் அடிப்படைச் சம்பளத்தில் இல்லை, “வரவு ஊக்குவிப்பு” என்ற பெயரில் இருந்தது. அடிப்படையில் ஏறினால்தான் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும் பின்னாளில் வரும் பணிக்கொடையும் சேர்ந்து ஏறும். ஆங்கிலக் கடிதம் என்றால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள்.

“மேலிடத்தில் ஆள் இருக்கிறது, நான் பேசி முடிக்கிறேன்” என்று தலைக்கு இவ்வளவு வாங்கும் தரகர்களும் வருவார்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யக் கட்டணமே இல்லை.

சங்கத்தின் கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கவனமாக வையுங்கள். மறுத்தால் அல்லது பதிலே இல்லையென்றால் தொழில் அலுவலகம். அங்கே நிர்வாகம் முதல் தவணைக்கு முடிவெடுக்க முடியாத ஒரு கிளார்க்கை அனுப்பும், அதிகாரியும் சலிக்காமல் அடுத்த திகதி போடுவார். “முடிவெடுக்கக்கூடியவர் வரவேண்டும்” என்று அன்றைய குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.