மிச்சம் பிடித்தும் கடன் ஏன் குறையவில்லை?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு சம்பளம் வந்தும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை. ஒரு பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு, அண்ணனிடம் வாங்கிய கைமாத்து என்று கடன் இருக்கிறது. ஒரு வருடமாக எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். வெளியே சாப்பிடுவதில்லை. எனக்கென்று துணி எடுக்கவில்லை. பிள்ளைகள் சின்னப் பொருள் கேட்டால்கூட ‘அடுத்த மாதம்’ என்கிறேன். கார்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். அப்படியும் பாக்கி அப்படியே நிற்கிறது. மகள் படிப்புக்காகப் போடும் சேமிப்பை மட்டும் தொடவில்லை. இரண்டு கார்டில் ஒன்று கணவருக்குத் தெரியாது. ஸ்டேட்மென்ட் வந்ததும் மொபைலில் அழித்துவிடுகிறேன். இன்னும் எதைக் குறைப்பது? கார்டுகளை ரத்து செய்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் இனி குறைக்க வேண்டியது அதிகம் இல்லை. பிள்ளைகளிடம் ‘அடுத்த மாதம்’ என்று சொல்லும்போது உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குப் புரிகிறது. இத்தனை சிரமப்பட்டு மிச்சம் பிடித்த பணம் கடனின் அசலுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டுப் பிரச்சினை இதுதான்.

முதலில் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பார்ப்போம். கார்டில் ஒரு லட்சம் பாக்கி, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வட்டி சேர்ந்து பாக்கி 1,03,000 ஆகிறது. நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 2,150தான். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைவதால் கட்டச் சொல்லும் தொகையும் கொஞ்சம் குறைகிறது. நீங்களும் ‘அப்பாடா’ என்று குறைத்தே கட்டுகிறீர்கள். இப்படியே 30 மாதம் கட்டினாலும் ஏறக்குறைய 52,000 பாக்கி நிற்கும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஸ்டேட்மென்ட் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ மாதாமாதம் கட்டுங்கள். அதே 30ஆவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். முதல் மாதம் கட்டியதைவிட ஒரு மாதம்கூட அதிகம் கட்டவில்லை, தொகையைக் குறைக்காமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் கார்டின் வட்டியும் விகிதமும் வேறாக இருக்கலாம், கணக்கு போகும் வழி இதுதான். ஆகவே இந்த மாதம் எவ்வளவு கட்டினீர்களோ அந்தத் தொகையை எழுதி வையுங்கள். இனி அதற்குக் கீழே போகவே கூடாது. கடைசி நாள்வரை காத்திருக்காமல், சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். மகளின் சேமிப்பைத் தொடத்தான் வேண்டும்.

மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று நினைக்கிறோம். வட்டிக்கு வட்டி சேரும்போது அது 42.5 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் சேமிப்புக்கு 7 சதவீதம் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். மகள் பெயரில் ஒரு லட்சம் இருந்தால் வருடத்தில் 7,000 சேரும். அதே ஒரு லட்சம் கார்டில் கடனாக நின்றால் 42,500க்கு மேல் ஏறும். ஒரு கையால் மகளுக்குச் சேர்த்து, மறு கையால் அதைப்போல ஆறு மடங்கை வட்டியாகக் கொடுக்கிறீர்கள். அந்தச் சேமிப்பு இருக்கிற தைரியத்தில்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தீர்கள் என்பது தெரியும். ஆனாலும் அது மகளைக் காப்பாற்றவில்லை. அவளுடைய பங்கை வட்டி தின்றுகொண்டிருக்கிறது.

முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிடுங்கள். திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும், ஃப்ரிட்ஜ் நின்றுபோகும். கையில் எதுவுமே இல்லையென்றால் அன்றைக்கு மறுபடியும் கார்டைத்தான் தேய்ப்பீர்கள். முன்கூட்டியே எடுத்தால் என்ன பிடித்தம் என்று கேட்டுக்கொண்டு, மீதியை வட்டி அதிகமுள்ள கார்டில் கட்டுங்கள். பிடித்தம் போனால்கூடப் பெரும்பாலும் உங்களுக்கு லாபமே. கார்டு தீர்ந்த மாதத்திலிருந்து, அதற்குக் கட்டிய முழுத் தொகையையும் மகளின் கணக்கில் போடுங்கள். விட்டதைப் பிடிக்க நீங்கள் பயப்படும் அளவுக்குக் காலம் ஆகாது.

இதையெல்லாம் செய்ய, கணவருக்குத் தெரியாத அந்தக் கார்டு வெளியே வந்தாக வேண்டும். சேமிப்பை ஏன் உடைக்கிறோம், சம்பளத்தன்று இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று அவர் கேட்பார். ஒரு பொய்யை மறைக்க நீங்கள் இன்னொரு பொய் தேட வேண்டியிருக்கும். ஸ்டேட்மென்ட்டை அழிப்பதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது எதுவுமே உங்களுக்குத் தெரியாமல் போகிறது. குறைந்தபட்சத் தொகை கண்ணில் படும்படி இருக்கும், வட்டிக் கணக்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நீங்கள் நிதானமாகப் படித்தே ஆக வேண்டும்.

எப்படிச் சொல்வது? பிள்ளைகள் தூங்கிய பிறகு, வேறு எந்த வாக்குவாதமும் நடக்காத ஒரு நாளில் சொல்லுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். “உங்களுக்குச் சொல்லாம ஒரு கார்டு வெச்சிருக்கேன். இவ்வளவு பாக்கி இருக்கு. சொல்ல பயமா இருந்தது. எப்படிக் கட்டலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், பாருங்க” என்று தொகையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியைப் பிறகு சொல்வது மட்டும் வேண்டாம். இரண்டாவது தடவை கேட்கும்போது, முதலில் சொன்னதையும் அவர் நம்பமாட்டார். அவர் கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை கோபம் கைநீட்டுவதில் போய் முடியும் என்று நீங்கள் பயந்தால் தனியாகச் சொல்லாதீர்கள். நீங்கள் நம்புகிற பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். நீங்கள் குறைத்தவை எல்லாம் தினம் தினம் மனதைக் கட்டுப்படுத்தினால்தான் குறையும் செலவுகள். அவை மனிதரைச் சோர்வடையச் செய்யும். அதற்குப் பதிலாக, ஒரே ஒரு தடவை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறைகிற செலவுகளைத் தேடுங்கள். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, தானாகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் கோடிடுங்கள். யாரும் பார்க்காத சந்தா, தேவைக்கு மேல் பெரிய இன்டர்நெட் பிளான், லோனோடு தலையில் கட்டிய இன்சூரன்ஸ் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும். பிள்ளைகளின் சின்ன ஆசைகளுக்கு அதிலிருந்தே ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். ஒதுக்குங்கள், தயங்க வேண்டாம். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகளைக் கூட்டி 12ஆல் வகுத்து, அந்தப் பங்கை மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். வருடா வருடம் வரும் என்று தெரிந்த செலவே ‘திடீர் செலவு’ ஆகிப் பல வீடுகளில் கார்டில் போய் ஏறுகிறது.

இரண்டு கார்டில் எதை முதலில் அடைப்பது என்றால், வட்டி அதிகமுள்ளதை. இரண்டும் ஒரே வட்டி என்றால் சின்ன பாக்கியை முதலில் முடியுங்கள். ஒரு கணக்கு தீர்ந்தது என்ற தெம்பு அடுத்ததற்கு உதவும்.

பெர்சனல் லோன் தவணையை அப்படியே கட்டி வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடனாக மாற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால், வட்டி ‘ஃபிளாட்’டா, குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். 12 சதவீத ஃபிளாட் வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால், நீங்கள் ஏற்கனவே அடைத்துவிட்ட அசலுக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள். உண்மையில் அது 21 சதவீதத்துக்கு மேல். நிமிடத்தில் பணம் தரும் கடன் ஆப்களின் பக்கமே போகாதீர்கள். ஏதாவது ஒரு மாதம் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்களிடம் பேசி, அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணனின் கைமாத்துக்கு வட்டி இல்லை என்பதால் அது கடைசியில்தான் வரும். ஆனால் வாயைத் திறக்காமல் கடைசியில் வைக்காதீர்கள். “அண்ணா, கார்டை முடிச்சிட்டு இந்த மாசத்துல இருந்து உங்களுக்குத் தர ஆரம்பிக்கிறேன்” என்று ஒரு மாதத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நடுவில் அவருக்கே பண நெருக்கடி வந்தால் உடனே சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டை ரத்து செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாக்கி இருக்கும்போது மூடச் சொன்னால் வட்டி நிற்காது, முழுதும் கட்டினால்தான் கணக்கை மூடுவார்கள். அதுவரை ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு எண்களை நீக்கிவிடுங்கள். கார்டில் பணமாக எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுப் பாக்கியையும் கட்டாதவரை, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. இரண்டும் தீர்ந்ததும் ஒன்றை மூடி, பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கணவருக்குத் தெரியாமல் வாங்கிய கார்டையே மூடிவிடுங்கள்.