ரிபி கிருமியின்ர கொழுப்பும் எங்கட காவல்காரரும்: கேளுங்கோ, சொல்லுறன்

இந்த மாதம் வாசகர் கேள்விக்குப் பதில் சொல்லுற முறை எனக்கு. யாழ்ப்பாணத்தில முப்பத்தொரு வருசம் ஆய்வுகூடத்தில ரிபி, அதுதான் காசநோய், இருக்கோ எண்டு சளி பார்த்தனான். ஓய்வெடுத்த பிறகு நிர்ப்பீடனம், அதாவது உடம்பின்ர நோய் எதிர்ப்பு, பற்றி வாசிக்கிறதுதான் பொழுதுபோக்கு. நான் வைத்தியர் இல்லை, குளிசைக் கணக்குக் கேக்கிறவை மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கோ. முதலே ஒண்டு சொல்லிவிடுறன்: மருந்து தொடங்கினவை இடையில விடாதேங்கோ.

கோண்டாவில், ஏ.எல். மாணவன்: சேர், ரி கலம் புரதத் துண்டைத்தான் அடையாளம் காணும் எண்டு படிச்சனாங்கள். கொழுப்பையும் பார்க்குமோ?

பார்க்கும் தம்பி. இந்தக் கேள்வி வரும் எண்ட நம்பிக்கையிலதான் நான் இதுக்கே ஒத்துக்கொண்டது.

ரி கலம் எண்டது நோயை எதிர்க்கிற ஒரு வெள்ளை இரத்தக் கலம். அதுக்குக் கிருமியை நேரே பார்க்கத் தெரியாது. வேறொரு கலம் கிருமியை விழுங்கி, உடைச்சு, ஒரு துண்டைத் தன்ர மேற்பரப்பில தூக்கிக் காட்டவேணும். புரதத் துண்டைத் தூக்குற தட்டு எச்எல்ஏ. நானும் படிச்ச காலத்தில அதோட கதை முடிஞ்சுது. 1992 இல பொஸ்ரனில பிரெனரின்ர ஆய்வுகூடத்தில போர்செல்லி ஆக்கள், சீடி1பி எண்ட இன்னொரு மூலக்கூறும் கிருமிப் பொருளை ரி கலத்துக்குக் காட்டுது எண்டு கண்டினம். அந்தப் பொருள் என்ன எண்டு 1994 இல தெரிஞ்சுது: மைக்கோலிக் அமிலம், ரிபி கிருமியின்ர சுவரில இருக்கிற ஒரு கொழுப்பு. அதில புரதம் மருந்துக்கும் இல்லை.

அதின்ர நீளத்தை யோசிச்சுப் பாரும். தேங்காயெண்ணெயில கூடுதலா இருக்கிற லோரிக் அமிலத்துக்குக் காபன் 12. நல்லெண்ணெயில இருக்கிறதுகளுக்குப் பெரும்பாலும் 18. மைக்கோலிக் அமிலத்துக்கு 60 இலிருந்து 90 வரை. இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது? 2002 இல சீடி1பியின்ர அமைப்பு வெளிவந்தபோது விடை கிடைச்சுது. உள்ளுக்குள்ள ஒண்டோட ஒண்டு தொடுத்த சுரங்கங்கள். வாலை அதுக்குள்ள சுருட்டி வைச்சுட்டு, தண்ணிக்குப் பொருந்துற தலையை மட்டும் வெளியில விடுது. பண்ணைக் கடலோரத்தில வளைக்குள்ள நண்டு கிடக்கக் கண் மட்டும் வெளியில தெரியுமே, அப்பிடி.

ரி கலம் பிடிக்கிறது அந்தத் தலையைத்தான். மைக்கோலிக் அமிலத்தில ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிற வகை ஒண்டு இருக்கு. 1997 இல மூடி எண்ட ஆய்வாளரும் அவரோட சேர்ந்த ஆக்களும் அந்தக் குளுக்கோசுக்குப் பதிலா கலக்ரோசை வைச்சுப் பார்த்தினம். இரண்டுக்கும் ஒரேயொரு ஐதரொட்சிலின்ர திசைதான் வித்தியாசம், ஆனால் ரி கலம் அசையேல்லை. வால் கொஞ்சம் நீண்டாலும் குறைஞ்சாலும் அதுக்குக் கவலை இல்லை. பிறகு வந்த அமைப்புப் படங்களில, ரி கலத்தின்ர வாங்கி (பொருளை அடையாளம் கண்டு பிடிக்கிற மூலக்கூறு) அந்தக் குளுக்கோசைச் சாமணத்தால பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது.

எனக்கு நித்திரை வராமல் செய்த விசயம் இனித்தான். அந்தக் குளுக்கோஸ் கிருமியின்ரயில்லை, எங்கட. வெளியில குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில வளர்த்தால் கிருமி இந்த வகையைச் செய்யாது. உடம்புக்குள்ள வந்து, எங்கட சீனியை எடுத்துத் தன்ர கொழுப்பில ஒட்டினாப் பிறகுதான் இது உண்டாகுது. வீட்டுக்குள்ள புகுந்த கள்ளன் வீட்டுக்காரன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு திரிஞ்சு பிடிபடுற கதை.

நல்லூர் வாசகி: அப்பாவுக்கு ரிபி. கிருமிக்குக் கொழுப்புச் சட்டை எண்டால் முட்டை, தேங்காய்ப்பால் நிப்பாட்டவோ?

வேண்டாம் பிள்ளை. கிருமி தன்ர சட்டையைத் தானே தைக்கும். அதின்ர மரபணுக்கள் ஏறக்குறைய 4,000. அதில 250 அளவு கொழுப்பு வேலைக்குத்தான் எண்டு 1998 இல முழு மரபணுத்தொகுதியும் வாசிச்சபோது தெரிஞ்சுது. அப்பா முட்டையை விட்டால் மெலியிறது அப்பாதான், கிருமி இல்லை. ஜார்க்கண்டில ரிபிக்காரரின்ர வீட்டாக்களுக்குச் சத்துணவுப் பொதி குடுத்துப் பார்த்த ஆய்வு 2023 இல வந்தது; அந்த வீடுகளில புதுசா ரிபி வாறது நூற்றுக்கு 39 குறைஞ்சுது. நல்லாக் குடுங்கோ. குளிசையை மட்டும் விடவேண்டாம்.

தாதி, சாவகச்சேரி: ரி கலம் வந்து சேர நாளெடுக்குமே ஐயா. அதுவரைக்கும் ஆர் காவல்?

நல்ல கேள்வி தங்கச்சி. ரி கலத்துக்கு முதல் தின்குழியங்கள் இருக்கு, கிருமியை விழுங்குற கலங்கள். அதுகளில மிங்கிள் எண்டொரு வாங்கி. கிருமியை வளர்த்துப் பார்த்தால் கயிறு முறுக்கினது போல நீளமாச் சேர்ந்து கிடக்கும். அந்த முறுக்கோட சம்பந்தப்பட்ட பொருளைக் 'கயிற்றுக் காரணி' எண்டு சொல்லுறவை. திரெகலோசு எண்ட சீனியில இரண்டு மைக்கோலிக் அமிலம். 1950 களிலேயே அதைப் பிரிச்செடுத்திட்டினம். ஆனால் உடம்பு அதை இந்த மிங்கிளாலதான் உணருது எண்டு தெரிஞ்சது 2009 இலதான், ஜப்பானில.

கிருமியும் சும்மா இருக்கேல்லை. பீடிஐஎம் எண்டொரு வழுக்கல் கொழுப்பை மேல பூசி, உள்ளுக்குள்ள இருக்கிற அடையாளங்களை மறைக்குது. வரிக்குதிரை மீனில செய்த பரிசோதனையில, அந்தப் பூச்சு இல்லாத கிருமியைக் கொல்லக்கூடிய தின்குழியங்கள் ஓடிவந்து அதை அழிச்சுப்போட்டுதுகள். பூச்சு இருந்தால் அடையாளம் தெரியாமல் போகுது.

நாங்கள் கண்ணாடித் தட்டில பார்த்த சிவப்பும் இந்தச் சுவரின்ர வேலைதான். காபோல் புக்சின் எண்ட சிவப்புச் சாயத்தைச் சூடாக்கி ஏத்தினால், அமிலம் ஊத்தியும் நிறம் கழராது. நீலப் பின்னணியில சிவப்புக் குச்சி. முப்பத்தொரு வருசம் நான் அந்த மைக்கோலிக் அமிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான், பேர் தெரியாமல்.

மானிப்பாய்: நல்லெண்ணெய் சேர்க்கலாமோ?

சேர்க்கலாம். மேல நல்லூர்ப் பிள்ளைக்குச் சொன்னதைப் பாருங்கோ.

ரொறன்ரோவில இருந்து: எலியில கொழுப்புத் தடுப்பூசி ரிபியைத் தடுத்திட்டுது எண்டு ஒரு காணொளி பார்த்தன் மாமா. இனிப் பீசீஜி தேவையில்லையோ?

மருமகன், எலி எண்ட சொல்லைக் கண்டால் ஒரு கேள்வி கேக்கப் பழகுங்கோ: அந்த எலிக்கு எந்த சீடி1 இருந்தது? மனிசருக்கு ஏ, பி, சி, டி, ஈ எண்டு ஐஞ்சு. சாதாரண எலிக்கு டி மட்டும். ரிபிக் கொழுப்பை முக்கியமாக் காட்டுற ஏ, பி, சி மூண்டும் அதுக்குக் கிடையாது. மனித மரபணு போட்ட எலி எண்டால் பேசலாம், சாதாரண எலி எண்டால் அது வேற கதை. கினிப் பன்றிக்கு இந்தக் குடும்பம் இருக்கு. ரிபிக் கொழுப்பு ஏத்தின கினிப் பன்றியில நுரையீரல் சேதம் குறைஞ்சதாக் கண்டிருக்கினம். ஆசைப்படக் காரணமும் இருக்கு: எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும், சீடி1 எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்டு. ஒரே கொழுப்பு எல்லாருக்கும் பொருந்தலாம். ஆனால் பாவனைக்கு வந்த கொழுப்புத் தடுப்பூசி இன்னும் இல்லை. பிறந்த பிள்ளைக்குப் பீசீஜி போடத்தான் வேணும்.

வேலணை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை: எங்கட பாடப்புத்தகத்தில 'இலிப்பிட்டு' எண்டு இருக்க, ஏன் 'கொழுப்பு' எண்டு எழுதுறியள்? கொழுப்பு இலிப்பிட்டின்ர ஒரு வகை மட்டுமே.

ரீச்சர், சரிதான். ஆனால் இலிப்பிட்டு எண்டால் சனத்துக்குப் பிட்டுத்தான் ஞாபகம் வரும்.

மதுரை வாசகர்: ஐயா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'கொழுமியம்' என்று எங்கள் பக்கம் ஒரு சொல் புழங்குகிறது. ஒலிபெயர்ப்பை விட அது மேல் இல்லையா?

சொல் வடிவாத்தான் இருக்கு. ரீச்சர் என்ன சொல்லுறியள்?

வேலணை: இஞ்ச பரம்பரை பரம்பரையாப் பிள்ளையள் இலிப்பிட்டு எண்டு எழுதிச் சோதினை பாஸ் பண்ணியிருக்கினம். மானிப்பாயில டொக்டர் கிறீன் தமிழில மருத்துவம் படிப்பிச்ச மண் இது. சொல்லை நாங்கள் கடன் வாங்கத் தேவையில்லை.

கிறீனை இழுத்தால் நான் சும்மா இருக்கமாட்டன். 1848 இல மானிப்பாய்க்கு வந்தவர், 1860 களில தமிழிலயே பாடம் நடத்தினவர், எல்லாம் சரி. அவர் வேதியியலுக்கு வைச்ச பேர் என்ன தெரியுமோ? கெமிஸ்தம். இண்டைக்கு ஆராவது கெமிஸ்தம் எண்டு சொல்லுறவையோ? இரசாயனம்தான் நிண்டுது. ஆர் உண்டாக்கினது எண்டு பார்த்துச் சொல் நிக்கிறதில்லை, வாய்க்கு வாறதுதான் நிக்குது.

மதுரை வாசகர்: அப்படியென்றால் கொழுமியமும் நிற்கலாம்.

வேலணை: நிக்கிறதோ விழுறதோ இருக்கட்டும். நான் கேட்டது வேற. முட்டை நிப்பாட்டவோ, நல்லெண்ணெய் சேர்க்கலாமோ எண்டு இரண்டு பேர் ஏன் கேட்டவை? நீங்கள் கொழுப்பு எண்டு எழுதினதால. இலிப்பிட்டு எண்டு எழுதியிருந்தால் ஒருத்தரும் அடுப்படியை நினைச்சிருக்க மாட்டினம். பிட்டு எண்டு பகிடி விட்டியள், ஆனால் ஆராவது பிட்டை நிப்பாட்டவோ எண்டு கேட்டவையோ?

இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அந்தக் கேள்வி கிளினிக்கிலயும் வாறதுதான். எண்ணெய்ச் சாமானை ஒதுக்கி எலும்பும் தோலுமாப் போன ஆக்களை நான் கண்டிருக்கிறன். சொல்லு ஒரு மனிசன்ர சாப்பாட்டுக் கோப்பையில கை வைக்குமெண்டால், சொல்லிலதான் பிழை. சரி, சமாதானத்துக்கு இனி 'மெழுகு' எண்டு எழுதுறன். மெழுகை ஒருத்தரும் சாப்பிடுறதில்லை.

வேலணை: மெழுகு எண்டால் நீண்ட அற்ககோலின்ர எசுத்தர். மைக்கோலிக் அமிலம் அந்தக் கணக்கில வராது.

பீடிஐஎம் வரும் ரீச்சர். பாதி மார்க் தாங்கோ.

இணுவில்: எனக்குச் சீனி வருத்தம். கிருமி எங்கட குளுக்கோசை எடுக்குது எண்டியள். அப்ப எனக்கு ரி கலம் கெதியாப் பிடிச்சிடுமோ?

நல்ல யோசினை, ஆனால் கணக்கு அப்பிடிப் போகாது. நீரிழிவுக்காரருக்கு ரிபி வாற ஆபத்து மற்ற ஆக்களை விட இரண்டு மூண்டு மடங்கு கூட. சீனி கூடினால் காவல்காரர் எல்லாரும் மந்தமாகுவினம். சீனியைக் கட்டுப்பாட்டில வைச்சிருங்கோ. இருமல் இரண்டு கிழமை தாண்டினால் சளி குடுங்கோ.

கொக்குவில்: ரிபி சோதிக்கப் போட்ட மன்டூ ஊசியில கை வீங்கினது இந்தக் கொழுப்பாலயோ?

இல்லை. அது புரதம். இரத்தத்தில பார்க்கிற இன்ரபெரோன் பரிசோதனையும் புரதம். மெழுகைப் பார்க்கிற நிர்ப்பீடனப் பரிசோதனை வழக்கத்தில இல்லை.

அச்சுவேலி: குளிசை குடிச்சு இரண்டு மாதம், இருமல் நிண்டிட்டுது. நிப்பாட்டலாமோ?

முதல் பந்தியை வாசிச்சனீங்களோ? வழமையான மருந்து ஆறு மாதம். ஐசோநயசிட் எண்ட ரிபி மருந்து அடிக்கிறது இந்த மைக்கோலிக் அமிலம் செய்யிற இடத்துக்குத்தான், ஆனால் தூங்குற கிருமி புதுச் சுவர் கட்டாது. அது எழும்பிக் கட்டத் தொடங்கேக்கை மருந்து உடம்பில இருக்கவேணும். இருமல் நிண்டது உங்களுக்கு, கிருமிக்கு இல்லை. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ.

சுண்ணாகம்: ஆட்டிறைச்சி கொழுப்போட...

சாப்பிடுங்கோ. மூண்டாவது தரம்.

குருநகர்: மெழுகு எண்டு சொன்னீங்கள் ஐயா. அம்மா ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலில மெழுகுதிரி கொளுத்துறவ. அவவுக்கு ரிபி வந்து சுகமானது. கொளுத்தலாமோ?

கொளுத்தச் சொல்லுங்கோ. ரீச்சர், நீங்கள் இதை வாசிச்சுச் சிரிக்கிறது எனக்கு இஞ்ச கேக்குது. நாளையில இருந்து இலிப்பிட்டு.