அணுமின் நிலையத்துக்கு ரயில் பாதை எதற்கு?

நிலக்கரியைப் போல் அன்றாடம் எரிபொருள் கொண்டுவர வேண்டியதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். 1000 மெகாவாட் அணு உலைக்கு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 டன் எரிபொருள் போதும். புதிய எரிபொருள் லாரியிலேயே வந்துவிடும்.

சிக்கல் வெளியே போகும் சரக்கில்தான். பிரிட்டனில் பயன்படுத்திய எரிபொருளை ஏற்றும் எஃகுக் கலம் ஒன்றே 50 டன் எடை. உள்ளிருக்கும் எரிபொருளோ இரண்டரை டன்கூட இருக்காது. மீதி முழுவதும் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம்! இந்தச் சுமைக்குச் சாலையைவிடத் தண்டவாளமே பொருத்தம். ஆனாலும் எல்லா நிலையங்களுக்குள்ளும் பாதை நுழைவதில்லை. பிரிட்டனின் சைஸ்வெல் அணுமின் நிலையத்திலிருந்து கலங்கள் லாரியில் பக்கத்து ஊரான லெய்ஸ்டன் சென்று, அங்கே கிரேன் மூலம் ரயிலேறி, பயன்படுத்திய எரிபொருளைக் கையாளும் செல்லாஃபீல்டு வளாகத்துக்குப் போயின.

விபத்து நேர்ந்தால்? 1984-இல் ஆளில்லா ரயிலொன்றை மணிக்குச் சுமார் 160 கி.மீ. வேகத்தில் கலத்தின்மீது வேண்டுமென்றே மோதவிட்டார்கள். இன்ஜின் நொறுங்கியது, கலம் உடையவில்லை.