வங்கி ஏல வீடு: இஎம்டி மட்டும் கட்டிவிட்டு பிட் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் வங்கி ஏலத்துக்கு வரும் ஒரு வீட்டை எடுக்க நினைக்கிறேன். நோட்டீஸ் முழுக்க ஆங்கிலம். ரிசர்வ் பிரைஸ் 42 லட்சம், இஎம்டி 4.20 லட்சம், பிட் இன்கிரிமென்ட் 25,000 என்று இருக்கிறது. ‘ஆஸ் இஸ் வேர் இஸ்’, ‘சிம்பாலிக் பொசஷன்’ என்றும் போட்டிருக்கிறார்கள். “இப்போதைக்கு இஎம்டி கட்டுங்கள். ஏலம் கிடைத்தால் மீதிக்கு லோன் போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் பணம் திரும்பிவிடும்” என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இஎம்டி என்பது ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணம். ஏலத்தில் தோற்றவர்களுக்குத்தான் அது வட்டியில்லாமல் திரும்பும். எச்-1, அதாவது அதிக விலை கேட்டவர், பின்வாங்கினால் திரும்பாது.

கணக்கைப் பாருங்கள். ரிசர்வ் பிரைஸ் என்பது இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று வங்கி வைக்கும் விலை. சில நோட்டீஸில் இதையே அப்செட் பிரைஸ் என்பார்கள். பிட் இன்கிரிமென்ட் என்றால் ஒவ்வொரு முறையும் ஏற்றவேண்டிய குறைந்தபட்சத் தொகை. நீங்கள் ஒருவரே வந்திருந்தாலும் ஒரு இன்கிரிமென்ட் ஏற்றி, 42.25 லட்சம் கேட்டால்தான் ஏற்போம் என்று பல வங்கிகள் நிபந்தனை வைக்கின்றன. போட்டி வந்து நீங்கள் 44 லட்சத்துக்கு எச்-1 ஆகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 சதவீதம் 11 லட்சம். ஏற்கெனவே கட்டிய 4.20 லட்சம் போக 6.80 லட்சத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டவேண்டும். மீதி 33 லட்சத்துக்கு, விற்பனையை வங்கி உறுதிசெய்த நாளிலிருந்து 15 நாள்தான் கெடு.

அந்த 15 நாளில் லோன் கிடைக்குமா? லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன் முடியவே அதற்கு மேல் ஆகும். சிம்பாலிக் பொசஷனில், அதாவது காகிதத்தில் மட்டும் வங்கியின் கைவசம் இருக்கும் வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தரவே தயங்கும். பணம் கட்டத் தவறினால் ‘ஃபார்ஃபீட்’: கட்டிய 11 லட்சமும் பறிபோகும், வீடு மறுஏலத்துக்குப் போகும். மறுஏலத்தில் வங்கிக்குக் கூடுதல் விலையே கிடைத்துவிட்டது, அதனால் என் பணத்தைக் கொடுங்கள் என்றும் கேட்கமுடியாது. அப்படி ஒரு தமிழ்நாட்டு வழக்கில் பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. புரோக்கர்கள் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது இதில்தான் என்பதால் நிதானமாகப் படியுங்கள். அந்த 15 நாளை நீட்டிக்கலாம். ஆனால் வாங்குபவரும் வங்கியும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும். அப்படி நீட்டித்தாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. கிளை மேலாளர் “பார்த்துக்கலாம் சார்” என்பது எழுத்து ஆகாது, வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரலும் ஆகாது. விற்பனை அறிவிப்பில் கையெழுத்திட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயரில், 15 நாள் முடியும் முன்பே விண்ணப்பம் கொடுத்து, எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்ட கடிதத்தை வாங்கவேண்டும். நீட்டிப்பைக் கேட்பது உங்கள் உரிமை என்று நினைக்காதீர்கள். தருவதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். இன்னொன்று, இந்த நீட்டிப்பு 75 சதவீதத்துக்கு மட்டும்தான். முதல் 25 சதவீதத்துக்குக் கிடையாது.

‘ஆஸ் இஸ் வேர் இஸ்’ என்றால் சொத்து எந்த நிலையில், எந்தச் சிக்கலோடு இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். கூடவே வரும் ‘வித்தவுட் ரிகோர்ஸ்’, பிறகு எங்களைக் கேட்காதீர்கள் என்கிறது. நோட்டீஸில் ‘என்கம்ப்ரன்சஸ்’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘நாட் நோன்’ என்று இருக்கும். இதை ‘வில்லங்கம் இல்லை’ என்று படித்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வங்கிக்குத் தெரியாது என்பது மட்டுமே அதன் பொருள். அதே சொத்தை அடமானம் பிடிக்கும்போது முப்பது வருட வில்லங்கம் பார்த்த வங்கி, விற்கும்போது தெரியாது என்று எழுதிக் கைகழுவுவதை நமது முறை அனுமதிக்கிறது. ஆகவே நீங்களே பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். அது மட்டும் போதாது. பதிவாகாத வாடகை ஒப்பந்தமோ வரி பாக்கியோ அதில் தெரியாது. கடன் வாங்கியவர் கோவை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறாரா, தடை உத்தரவு உண்டா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிம்பாலிக் பொசஷன் என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டி, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே குடும்பம் குடியிருக்கும். சாவி வங்கியின் கையில் இருந்தால்தான் ‘பிசிகல்’. ஆட்களை வெளியேற்ற, கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-வது பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி மனு போடவேண்டும். மனுவின் மீது அதிகபட்சம் 60 நாளில் உத்தரவு என்கிறது சட்டம். நடைமுறையில் கோப்பு மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டிருக்கும். உங்கள் 44 லட்சம் அதுவரை முடங்கும். முதல் வீடு வாங்குகிறவர்கள் சிம்பாலிக் பொசஷனைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புரோக்கரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. “என் லாகின்ல போட்டுக்கறேன், கேஒய்சி அலைச்சல் உங்களுக்கு எதுக்கு” என்றால் உடனே மறுத்துவிடுங்கள். யார் பெயரில் பிட் போகிறதோ அவர் பெயரில்தான் சேல் சர்டிபிகேட், அதாவது வங்கி தரும் விற்பனைச் சான்றிதழ் வரும். அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற இன்னொரு கிரயம், இன்னொரு முத்திரைத் தீர்வை. ஏலத் தளத்தில் உங்கள் பெயரிலேயே பதிவு செய்து, உங்கள் கணக்கிலிருந்தே இஎம்டி அனுப்புங்கள். பிட் பொத்தானை அழுத்தும் முன் தொகையில் சைபர்களை எண்ணுங்கள். போட்ட பிட்டைத் திரும்ப எடுக்கமுடியாது. கடைசி நிமிடங்களில் யாராவது பிட் போட்டால் நேரம் தானாக நீளும். அந்தச் சூட்டில்தான் பலர் தங்கள் உச்சவரம்பைத் தாண்டுகிறார்கள்.

நோட்டீஸில் ‘இன்ஸ்பெக்‌ஷன்’ தேதி இருக்கும், கட்டாயம் போங்கள். மின் மீட்டரில் உள்ள சர்வீஸ் எண்ணைக் குறித்துவந்து மின்வாரியத்தில் பாக்கியைப் பாருங்கள். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று, விதிகள் இடம் கொடுத்தால், புதிய உரிமையாளரிடம் வாரியம் சொல்லலாம் என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சொத்து வரி, குடிநீர் வரி பாக்கியை மாநகராட்சியில் கேளுங்கள். இந்த மொத்தத்தையும் கழித்துவிட்டு, எவ்வளவு வரை பிட் போடலாம் என்ற தொகையை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.