மறு: அப்பா இன்னும் அந்த முகவரை நம்புகிறார்

தங்கச்சி, நகைகளை அடகு வைத்து அண்ணனின் டுபாய் வேலைக்கு ஒரு முகவரிடம் பணம் கட்டியதையும், 'அடுத்த வாரம் விசா' என்ற பதிலையே மாதக்கணக்கில் கேட்பதையும், சந்தேகப்பட்டால் அப்பா உங்கள் மீது சீறுவதையும் பொகவந்தலாவையிலிருந்து எழுதியிருந்தீர்கள். வாசித்து மனம் பொறுக்கவில்லை.

முதலில் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அந்த ஆளுக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு, தொலைபேசிச் செய்தி எதையும் அழிக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் அண்ணன் போகவே கூடாது.

அப்பாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முகவரின் பொய்க்கு மேல் அவர் தனக்குத்தானே ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார். 1954இல் அமெரிக்காவில், பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்த ஒரு குழுவை லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் அவதானித்தார். சொன்ன நாளில் வெள்ளம் வரவில்லை. ஆனால் அதற்காக வேலையையும் உடைமையையும் விட்டு வந்திருந்தவர்களில் சிலர், முன்னைவிட உரக்கப் பிரசாரம் செய்தார்கள். இழந்தது பெரிதென்றால் உண்மையை ஏற்பது அத்தனை கடினம். தோட்டச் சம்பளத்தில் சேர்த்த நகை சின்ன இழப்பா?

ஆகவே தோட்டத்து லய வீடுகளில் நாலு பேர் காதுபட 'ஏமாந்துவிட்டீர்கள்' என்று சொல்லாதீர்கள். 'உரிம இலக்கத்தை விசாரிப்போமா அப்பா?' என்று கேளுங்கள். பணியகத்துக்கு அவரே பேசட்டும். பதிலை அவர் காதாலேயே கேட்கட்டும். முகவர் தெரிந்த குடும்பத்து ஆள் என்று முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம். அந்த அறிமுகத்தை வைத்துத்தான் இப்படிப்பட்டவர்கள் தோட்டத்துக்குள் வருகிறார்கள். பொலிஸிலும் பதிவு செய்யுங்கள், இந்த வாரமே.