நாலு காசா, எட்டு ரூபாயா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நூறு வரை தடுமாறாமல் எண்ணுகிறான். ஆனால் ஓர் ஐந்து ரூபாய் காசும் மூன்று ஒரு ரூபாய் காசும் கொடுத்து "எவ்வளவு?" என்றால் "நாலு" என்கிறான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவன் எண்ணியது சரிதான், கையில் இருப்பது நாலு காசு. இதுவரை அவன் எண்ணிய மிட்டாய், விரல், புளியங்கொட்டை எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. ஒரே பொருளை ஐந்தாகக் கொள்வது அவனுக்குப் புதிது.

நம் காசுகளும் குழப்பும். 2011இல் வந்த வரிசையில் 2 ரூபாய் 25 மி.மீ., 5 ரூபாய் 23 மி.மீ. பெரியதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று குழந்தை நினைக்கும். அதற்கு முன் வந்த, கட்டைவிரலை உயர்த்திய கை பொறித்த 1 ரூபாயும் 25 மி.மீ.தான், பெரியவர்களே அதை 2 ரூபாய் என்று கொடுத்துவிடுவதுண்டு. ஆகவே தொடக்கத்தில் ஒவ்வொரு மதிப்பிலும் ஒரே அச்சுக் காசுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஒரு ரூபாய் 20, ஐந்து ரூபாய் 6 போதும். மஞ்சள் நிற ஐந்து ரூபாயாக இருந்தால் நிறத்தை வைத்தே பிரித்துவிடுவான். பிளாஸ்டிக் விளையாட்டுக் காசு வேண்டாம், கடையில் அது உதவாது. காசுகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

முதலில் மாற்று விளையாட்டு. அவன் ஐந்து ஒரு ரூபாய் காசுகளை அடுக்கித் தந்தால் நீங்கள் ஓர் ஐந்து ரூபாய் தர வேண்டும். பிறகு திருப்பி மாற்றுங்கள். நீங்கள் நாலு ஒரு ரூபாயைக் கொடுத்து ஐந்து ரூபாய் கேட்டால் அவனே "போதாது" என்று சொல்லும் வரை இதை விட்டு நகராதீர்கள். அவசரப்படுகிற வீடுகளில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு.

அடுத்து, ஒரு தாளில் ஐந்து ரூபாய் காசை வைத்து, கீழே ஐந்து புள்ளி போடுங்கள். புள்ளிகளைத் தொட்டு ஐந்து வரை எண்ணி, அப்படியே ஒரு ரூபாய் காசுகளைத் தொட்டு ஆறு, ஏழு, எட்டு. சில நாளில் புள்ளிகளை மூடிவிட்டு, "ஐந்து" என்று ஒரே மூச்சில் சொல்லித் தொடரச் சொல்லுங்கள்.

இரண்டு ஐந்து ரூபாய் சேர்ந்ததும் புதுத் தவறு வரும்: ஐந்து, பத்து என்றவன் ஒரு ரூபாய்க்கும் பதினைந்து, இருபது என்று ஓடுவான். வாய் தாளத்தில் போய்விடுகிறது. இரண்டு வகைக்கும் நடுவே ஒரு பென்சிலை வையுங்கள். அங்கே நின்று "இதுவரை பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த காசைத் தொட வேண்டும்.

இரண்டு ரூபாயைக் கடைசியில் சேருங்கள். 10, 12, 14 எளிது. 5, 7, 9 கடினம். அதனால் முதலில் ஐந்து ரூபாய் காசுகளை ஜோடியாகவே கொடுங்கள்.

கடைக்கு அனுப்பும்போது சரியான சில்லறையைக் கொடுத்து வாங்கப் பழகட்டும். மீதி வாங்கும் கணக்குக்கு இன்னும் சில மாதம் ஆகலாம்.