அம்மாயியின் கைப்பக்குவம் புத்தகமாகிறது: எங்கே அச்சடிப்பது, எதற்குக் காசு கொடுப்பது?

கேள்வி: எங்கள் அம்மாயிக்கு வரும் தையில் எண்பது நிறைகிறது. அவர் செய்யும் பதார்த்தங்களில் ஐம்பது அறுபதைத் தொகுத்து, பழைய படங்களும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டு, விழாவுக்கு வரும் சொந்தபந்தங்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க ஆசை. 60 பிரதி போதும். ஆன்லைனில் போட்டோ புக் போடுகிறவர்கள் பாதி விலை என்கிறார்கள். இங்கே இரண்டு அச்சகங்களில் கேட்டால் இரண்டு விலை. மாமாவோ சிவகாசிக்குப் போனால் சல்லிசு என்கிறார். யாரை நம்புவது?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மாமா சொல்வது ஆயிரம் பிரதிக்குச் சரி, அறுபதுக்குச் சரிவராது. ஆஃப்செட்டில், அதாவது அச்சுத் தகடு (பிளேட்) செய்து மொத்தமாக அடிக்கும் முறையில், வண்ணப் பக்கம் என்றால் நாலு நிறத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும். 60 அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். டிஜிட்டலில் பிளேட் கிடையாது, பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே சேலத்திலேயே டிஜிட்டலில் முடித்துக்கொள்ளுங்கள். நேரில் போய்த் தாளைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

போட்டோ புக்கில் ‘பாதி விலை’ என்பது பெரும்பாலும் அடிப்படைப் பக்கங்களுக்கு மட்டும். அதற்கு மேல் பக்கத்துக்குப் பக்கம் காசு, கூரியர் தனி. அம்மாயி கையில் கொடுக்க ஒரே ஒரு பிரதி அப்படிப் போடுங்கள், அழகாக இருக்கும். மற்ற 59 பேருக்கு அது வேண்டாம்.

இரண்டு அச்சகம் இரண்டு விலை சொன்னால் அது இரண்டு வெவ்வேறு புத்தகத்துக்கான விலையாகவும் இருக்கும். சைஸ், மொத்தப் பக்கம், அதில் வண்ணம் எத்தனை, தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு), என்ன பைண்டிங், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதி வாங்கினால்தான் ஒப்பிட முடியும். உள்ளே 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத வெள்ளைத் தாள், தாராளம். வண்ணப் படங்களைப் புத்தகம் முழுக்க இறைக்காமல் நடுவில் 16 பக்கமாகச் சேர்த்து, மற்றதைக் கறுப்பு வெள்ளையில் விட்டால் பில் கணிசமாக இறங்கும்.

அங்கே மிச்சம் பிடித்ததை பைண்டிங்கில் போடுங்கள். இது ஷோகேஸில் நிற்கிற புத்தகமா, அடுப்படியில் கிடக்கிற புத்தகமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டும் கம் பைண்டிங் பார்க்க லட்சணம். ஆனால் மாவுக் கையோடு பக்கத்தைத் திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், மேலே ஒரு சொம்பைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். கெட்டி அட்டையில் வயர் பைண்டிங் போட்டால் மேடையில் மட்டமாகக் கிடக்கும். கல்லூரி ரெக்கார்டு நோட்டு மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். ஓட்டை விழும் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டராவது இடம் விடச் சொல்லுங்கள்.

நிஜமான வேலை அச்சகத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. “ஒரு ஆழாக்கு, கைப்பிடி, எலுமிச்சம்பழ அளவு புளி” என்று அம்மாயி சொல்வதை அப்படியே அச்சிட்டால் பெங்களூரில் இருக்கும் பேத்தியால் சமைக்க முடியாது. படியும் ஆழாக்கும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அம்மாயி வீட்டு ஆழாக்கையே கிச்சன் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. அப்புறம் அவர் அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற அன்று பக்கத்தில் ஒரு தட்டோடு நில்லுங்கள். குக்கருக்குப் போக வேண்டிய உப்பு முதலில் தட்டில் விழட்டும், நிறுத்த பிறகு உள்ளே போகட்டும். அவர் கை அள்ளுவது கல்லுப்பு. அதையே ‘இரண்டு ஸ்பூன் உப்பு’ என்று போட்டுவிட்டால், தூளுப்பு வாங்குகிறவர் வீட்டில் சாதம் கரிக்கும், ஏனென்றால் தூளுப்பு ஸ்பூனில் நெருக்கமாக நிறையும். கிராமில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ‘கைப்பிடி’ என்ற அவர் பேச்சை எடுத்துவிட வேண்டாம், பக்கத்திலேயே கிராமையும் போடுங்கள்.

மாங்காய்ப் பதார்த்தங்களுக்கு எந்த மாங்காய் என்று ரகத்தின் பெயர் வேண்டும். சேலத்துக்காரர் புத்தகத்தில் வெறும் ‘மாங்காய் 2’ என்று இருந்தால் மானம் போய்விடும்! கிளிமூக்கா, செந்தூராவா என்பதைப் பொறுத்துப் புளிப்பும் வெல்லமும் மாறும். தையில் விழா என்றால் மாங்காய்ப் படங்களைச் சித்திரை, வைகாசியிலேயே எடுத்துவிட வேண்டும். ஐப்பசிக்குள் ஃபைலைக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை பிறந்தால் அச்சகங்களில் காலண்டரும் டைரியும்தான் ஓடும், உங்கள் 60 பிரதியை யாரும் சீண்ட மாட்டார்கள்.

கேள்வி: அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டு இருக்கிறது. அந்தக் கையெழுத்தையே பளபள ஆர்ட் பேப்பரில் அச்சிட்டு அண்ணன் தம்பிகளுக்குக் கொடுக்கலாமா? பழைய நோட்டை லேமினேஷன் செய்து வைக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் ஊர் பனிமூட்டமும் மழைக்கால ஈரமும் ஆர்ட் பேப்பருக்கு ஆகாது. அதன் மேல்பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். பூச்சில்லாத தாளே போதும். அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் என்றால் ஈரக் காற்றில் அட்டை வளையும், கெட்டி அட்டையாகப் போடுங்கள்.

நோட்டைச் சூடான லேமினேஷனில் விட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் சேர்ந்தே வரட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். நோட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கேள்வி: அப்பா மணிவிழாவுக்கு அச்சடித்த சமையல் புத்தகம் 40 பிரதியிலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. ‘கொள்ளு’ என்ற சொல்லைப் படிக்கவே முடியவில்லை. நீங்கள் கொடுத்த ஃபைல் அப்படி என்கிறார் அச்சகத்துக்காரர். பில்லில் ‘அச்சடித்த சரக்கு திரும்ப எடுக்கப்படாது’ என்று இருக்கிறதாம்.
- வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: மாதிரிப் பிரதி பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்களா? அதிலேயே எழுத்து உடைந்திருந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு. மாதிரி சரியாக இருந்து அச்சில் உடைந்திருந்தால் அது சேவைக் குறைபாடு, பில்லில் எந்த வரி இருந்தாலும். ஃபாண்ட் (எழுத்துரு) உள்ளேயே பதிக்கப்பட்ட பிடிஎஃபைத் தந்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். வேர்டு ஃபைலாகத் தந்திருந்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் ஃபாண்ட் மாறியிருக்கலாம், ஆனாலும் மாதிரி காட்டாமல் அடித்திருந்தால் அது அவர்கள் தவறுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. மறு அச்சு அல்லது பணம் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மாதிரிப் பிரதி, பில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உடைந்த எழுத்தோடு இரண்டு மூன்று புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். மீதியையும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொண்டீர்களே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.